ஆட்சி ஆட்டங்காணும்போது ரூபா ஏன் சரிகிறது, முதலீடு ஏன் ஒதுங்கி நிற்கிறது?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டில் அரசியல் நிச்சயமின்மை வந்தவுடன் நாணயத்தின் பெறுமதி ஏன் விழுகிறது, தொழில் முதலீடு ஏன் நின்றுபோகிறது? இதில் பயம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு?

பெரும்பங்கு கணக்குத்தான். பொதுவாகப் பேசினால் அது பிடிபடாது, ஆகவே இலங்கையை எடுத்துக்கொள்கிறேன். 2018, 2022, 2024 என ஆறே ஆண்டுகளில் மூன்று அரசியல் அதிர்வுகளை இலங்கை ரூபா கண்டது. மூன்றிலும் மூன்று விதமாக நடந்துகொண்டது. ஏன் அப்படி என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

2018 ஒக்டோபர் 26, வெள்ளிக்கிழமை மாலை. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ரணில் விலக மறுத்தார். மறுநாள் பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது, நவம்பர் 9 கலைக்கப்பட்டது, 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. டிசம்பர் 3 மேன்முறையீட்டு நீதிமன்றம் மகிந்தவும் அவரது அமைச்சரவையும் பதவியில் இயங்கத் தடை போட்டது. டிசம்பர் 13 ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக, பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். டிசம்பர் 16 ரணில் மீண்டும் பிரதமரானார்.

இதே நாட்களை டொலர் வாங்கி விற்பவரின் மேசையிலிருந்து பாருங்கள். நவம்பர் 5 சமர்ப்பிக்கவேண்டிய 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் வரவில்லை. அப்படியானால் ஜனவரி 1 முதல் அரசாங்கம் செலவழிக்கச் சட்டப்படி யார் அனுமதி கொடுப்பது? ஜனவரி 14 ஒரு பில்லியன் டொலர் சர்வதேசப் பிணைமுறி (அரசாங்கம் வெளிநாட்டவருக்கு விற்ற டொலர் கடன் பத்திரம்) முதிர்கிறது, அந்தப் பணத்தை யார் ஒழுங்கு செய்வது? 2016இல் தொடங்கிய சர்வதேச நாணய நிதியத்தின் 1.5 பில்லியன் டொலர் திட்டத்தில் அடுத்த தவணை பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அரசியல் நிலைமை தெளிவாகட்டும் என்று நிதியம் அதை நிறுத்திவைத்தது. எந்தக் கட்சி வந்தாலும் சந்தை அதற்கொரு விலை போட்டுவிடும். இந்தக் கேள்விகளுக்குப் பதிலும் இல்லை, பதில் எப்போது வரும் என்றும் தெரியவில்லை என்பதற்குத்தான் அதனால் விலை போட முடியவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த ஆண்டு தொடக்கத்தில் டொலர் 153 ரூபாவுக்குக் கிட்ட இருந்தது. ஒக்டோபர் 26க்கு முன்னரே 172, 173 ஆகிவிட்டது. அமெரிக்க வட்டி ஏறியதால் வளரும் நாடுகள் பலவற்றின் நாணயங்கள் அந்த ஆண்டு அடிபட்டன, அந்தப் பகுதியை அரசியலின் தலையில் போடுவது சரியல்ல. ஆனால் மிகுதி இரண்டே மாதத்தில் நடந்தது: ஆண்டு முடிவில் டொலர் 182.75 ரூபா.

அந்தக் கடைசிப் பத்து ரூபா எப்படிப் போனது? நாட்டின் செல்வத்தை யாரோ இரவோடிரவாக வெளியே கொண்டுபோனார்கள் என்றுதான் பலர் நினைப்பது. அது தேவையே இல்லை. டொலரை விற்கவேண்டியவர் சில நாள் பிந்தி விற்றால் போதும், வாங்கவேண்டியவர் சில நாள் முந்தி வாங்கினால் போதும்.

ஓர் ஆடை ஏற்றுமதியாளரை எடுங்கள். கணக்கில் 5 இலட்சம் டொலர் வந்து கிடக்கிறது. சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் அவருக்கு ரூபா வேண்டும், வழக்கமான நாளென்றால் அன்றே விற்றிருப்பார். இப்போது, இரண்டு வாரம் பொறுத்தால் டொலருக்கு 3 ரூபா கூடுதலாகக் கிடைக்கலாம் என்று நினைக்கிறார். 5 இலட்சம் டொலருக்கு அது 15 இலட்சம் ரூபா. அதுவரை சம்பளத்துக்கு வங்கியில் ஓவர் டிராஃப்ட் எடுக்கலாம். 173 ரூபாப்படி 5 இலட்சம் டொலர் என்பது 8 கோடியே 65 இலட்சம் ரூபா. ஆண்டுக்கு 14 சதவீத வட்டி என்று வைத்தால் 14 நாளுக்கு ஏறக்குறைய 4 இலட்சத்து 65 ஆயிரம் ரூபா. அதாவது, டொலர் ஒரே ஒரு ரூபா ஏறினாலே அவர் காத்திருந்தது வீண்போகாது. தேசப்பற்று இல்லாதவர் என்று அவரைத் திட்டிப் பயனில்லை. அவருடைய கணக்காளர் செய்யச் சொல்வதும் இதையேதான்.

மறுபக்கம் இறக்குமதியாளர். ஜனவரியில் செலுத்தவேண்டிய எல்.சி. (விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) பணத்துக்கு நவம்பரிலேயே டொலர் வாங்கிவைக்கப் பார்க்கிறார், அல்லது பின்னர் வாங்கப்போகும் டொலருக்கு இன்றே விலை பேசி, முன்கூட்டிய வீதத்தில் வங்கியோடு ஒப்பந்தம் போடுகிறார். வங்கி அந்த ஒப்பந்தத்தைச் சமன்செய்ய அன்றே சந்தையில் டொலர் வாங்குகிறது.

இதை நாடு முழுவதற்கும் பெருக்குங்கள். 2018இல் இலங்கையின் பொருள் ஏற்றுமதி 11.9 பில்லியன் டொலர், இறக்குமதி 22.2 பில்லியன். மாதக் கணக்கில் சுமார் ஒரு பில்லியன் வருகிறது, 1.85 பில்லியன் போகிறது. ஏற்றுமதியாளர் 15 நாள் பிந்தினால் சந்தைக்கு வராமல் போவது 500 மில்லியன், இறக்குமதியாளர் 15 நாள் முந்தினால் கூடுதலாகக் கேட்கப்படுவது 900 மில்லியனுக்கு மேல். இரண்டும் சேர்ந்து 1.4 பில்லியன். ஏற்றுமதியாளர் தம் டொலரில் ஒரு பகுதியை எப்படியும் துணிக்கும் நூலுக்கும் கட்டிவிடுவார்கள், எல்லோரும் ஒரேபோல நடக்கவும் மாட்டார்கள். ஆகவே மூன்றில் ஒரு பங்கு மட்டும் என்று எடுத்தாலும் 450 மில்லியனுக்கு மேல் வருகிறது. 2018 ஏப்ரலில் 9.9 பில்லியனாக இருந்த நாட்டின் அந்நியச் செலாவணி ஒதுக்கு, டிசம்பர் முடிவில் 6.9 பில்லியன். அவ்வளவு சிறிய கையிருப்பின் மேல் இரண்டு வாரத் தயக்கம் என்ன செய்யும் என்பது இப்போது விளங்கும். இதோடு, ரூபாவில் வெளியான அரச திறைசேரி உண்டியல்களையும் முறிகளையும் வைத்திருந்த வெளிநாட்டவர்கள் அந்த ஆண்டில் எடுத்துக்கொண்டு போனது நிகரமாகக் கிட்டத்தட்ட ஒரு பில்லியன் டொலர்.

மத்திய வங்கி இப்படியான நேரத்தில் வட்டியை ஏற்றுவது ஏன் என்பதும் அந்த ஏற்றுமதியாளரின் கணக்கிலேயே இருக்கிறது. வட்டி 14 இலிருந்து 28 ஆனால், காத்திருப்பு பலன்தர டொலர் ஒரு ரூபா ஏறினால் போதாது, இரண்டு ரூபாவுக்குக் கிட்ட ஏறவேண்டும். காத்திருப்பவரின் செலவைக் கூட்டுவதே நோக்கம். அதனால் நசுங்குவது யார் என்றால், டொலரோடு ஒரு தொடர்பும் இல்லாமல் உள்ளூரில் கடன் வாங்கி அரிசி ஆலையோ தளபாடக் கடையோ நடத்துபவர். இந்தப் பக்கத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பது என் ஆதங்கம்.

அடுத்தது கடன் தரப்படுத்தல், அதாவது ஒரு நாடு கடனைத் திருப்பிக் கட்டும் என்பதை எவ்வளவு நம்பலாம் என்று போடும் மதிப்பெண். 2018 நவம்பர் 20 மூடிஸ், டிசம்பர் 3 ஃபிட்ச், டிசம்பர் 4 எஸ் அண்ட் பி என்று இரண்டு வாரத்துக்குள் மூன்று நிறுவனங்களும் இலங்கையை ஒரு படி இறக்கின. இது கௌரவப் பிரச்சினை போலத் தோன்றும், ஆனால் விலைச்சீட்டு இருக்கிறது. 2018 ஏப்ரலில் இலங்கை ஐந்து வருடப் பிணைமுறியை 5.75 சதவீதத்துக்கும் பத்து வருடப் பிணைமுறியை 6.75 சதவீதத்துக்கும் விற்றது. குழப்பம் முடிந்து 2019 மார்ச்சில் திரும்பப் போனபோது அதே ஐந்து வருடத்துக்கு 6.85, அதே பத்து வருடத்துக்கு 7.85. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க அரச முறிகளின் வட்டி கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது. ஆகவே அந்த 1.1 சதவீதம் பெரும்பாலும் இலங்கை என்ற பெயருக்காகக் கட்டியது. அன்று வாங்கிய 2.4 பில்லியனுக்கு அது ஆண்டுக்கு 26 மில்லியன் டொலருக்கு மேல், முறி முதிரும்வரை ஒவ்வோர் ஆண்டும் என்ற ஒப்பந்தம். அரசியல் தீர்ந்ததும் ரூபா திரும்பி வந்தது, ஏப்ரல் தொடக்கத்தில் டொலர் 175 அளவுக்கு இறங்கியது. ஒளித்துவைத்த டொலரை ஏற்றுமதியாளர்கள் விற்கத் தொடங்கினால் அப்படித்தான் நடக்கும். வட்டி மட்டும் திரும்பவில்லை.

தரம் இறங்குவதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. இலங்கை வங்கி ஒன்று திறக்கும் எல்.சி.யை வெளிநாட்டு விற்பனையாளரின் வங்கி முன்பு அப்படியே ஏற்றிருக்கும். இப்போது மூன்றாவது வங்கி ஒன்று உத்தரவாதம் தரவேண்டும் என்று கேட்கும், அந்த உறுதிப்படுத்தல் கட்டணம் இறக்குமதியாளரின் தலையில் விழும். 90 நாள் தவணையில் சரக்கு தந்தவர் 30 நாள் என்பார், பிறகு காசை முதலில் அனுப்பு என்பார். தவணை சுருங்கும் ஒவ்வொரு நாளும் நாடு அத்தனை டொலரை முந்திக் கட்டுகிறது, அது நேராக ஒதுக்கிலிருந்து போகிறது.

இனி முதலீடு. இங்கே பலர் செய்யும் தவறு, 'இலாபம் வராது என்று பயந்து முதலீட்டாளர் ஓடுகிறார்' என்று நினைப்பது. இலாபம் வரும் என்று தெரிந்தும் நிற்பார். அதை ஒரு கணக்கால் காட்டலாம்.

ஒரு தொழிற்சாலைக்கு 10 மில்லியன் டொலர் செலவு. கொள்கை நல்லபடி அமைந்தால் ஆண்டுக்கு 1.6 மில்லியன் வரும், மோசமாக அமைந்தால் 0.6 மில்லியன். இரண்டுக்கும் சம வாய்ப்பு. எது என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் 10 சதவீதம். இன்றே போட்டால் சராசரி வருமானம் 1.1 மில்லியன், அது ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும் என்று வைத்து 10 சதவீதத்தால் வகுத்தால் அதன் இன்றைய பெறுமதி 11 மில்லியன், செலவு போக ஒரு மில்லியன் மிச்சம். நல்ல திட்டம்தான். ஒரு வருடம் பொறுத்தால்? நல்லபடி அமைந்தால் மட்டும் போடுவார்: 16 மில்லியன் பெறுமதி, செலவு போக 6. அதற்குப் பாதி வாய்ப்பு என்பதால் 3. ஒரு வருடம் பிந்துவதற்குக் கழித்தால் 2.7 மில்லியன். மோசமாக அமைந்தால் ஒன்றும் போடமாட்டார், ஒன்றும் இழக்கவும் மாட்டார். ஒரு மில்லியன் எங்கே, 2.7 எங்கே? காத்திருப்பதே கூடுதல் இலாபம்.

கொங்கிரீட்டில் கொட்டிய பணத்தைத் திரும்ப அள்ள முடியாது என்பதிலிருந்து வரும் விளைவு இது. ஆகவே நிச்சயமின்மை எல்லா முதலீட்டையும் ஒரேபோல அடிக்காது. சரக்கு வாங்கி விற்பவர் தொடர்ந்து வாங்குவார், மூன்று மாதத்தில் காசு திரும்பிவிடும். நிலம் வாங்குபவர் முன்னைவிடக் கூடுதலாக வாங்குவார், ரூபாவைக் கையில் வைத்திருக்கப் பிடிக்காததால். நின்றுபோவது தொழிற்சாலை, மின்நிலையம், ஹோட்டல், குளிரூட்டிய களஞ்சியம் போன்றவை, வேலைவாய்ப்பும் ஏற்றுமதியும் தருபவை. புள்ளிவிவரத்தில் வியாபாரம் நடப்பதுபோலத் தெரிந்துகொண்டே நாட்டின் உற்பத்தித் திறன் வற்றும். ஐந்தாறு வருடம் கழித்தே அது வெளியே தெரியும்.

கொள்கை மாறிமாறி வந்தால் காத்திருப்பின் பெறுமதி இன்னும் கூடும். கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்துக்காக இந்தியா, ஜப்பானுடன் 2019 மே மாதம் இலங்கை ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்தது, 2021 பெப்ரவரியில் அதைக் கைவிட்டது. ஜப்பானியக் கடனில் வரவிருந்த கொழும்பு இலகு ரயில் திட்டம் 2020 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. மன்னார், பூநகரி காற்றாலைகள் வேறு விதம். அதானி குழுமத்தின் 484 மெகாவாட் திட்டத்துக்கு 2023இல் ஒப்புதல், 2024 மே மாதம் ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று 20 வருட விலைக்கு அமைச்சரவை அனுமதி. ஆட்சி மாறியது, புதிய அரசாங்கம் விலையை மறுபரிசீலனை செய்யப்போனது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. இதில் இரு பக்கமும் பாடம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். போட்டி விலைமனு இல்லாமல் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம் அது. அப்படி வாங்கும் எந்த ஒப்பந்தமும் கொடுத்த அரசாங்கத்தின் ஆயுளைத்தான் தன் ஆயுளாகக் கொண்டிருக்கும். பகிரங்க விலைமனுவில் வென்றவருடைய விலையைக் குறைப்பது அடுத்து வருபவருக்கு அரசியல்ரீதியாக அவ்வளவு இலகுவல்ல.

அதிர்ச்சியும் நிச்சயமின்மையும் ஒன்றல்ல என்பதற்கு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளைப் பாருங்கள். ஏப்ரல் 21 நடந்த அந்தக் கொடூரத்துக்குப் பிறகு மே மாதச் சுற்றுலாப் பயணிகள் முந்தைய ஆண்டைவிட 70 சதவீதம் குறைந்தார்கள். டொலர் வருமானத்துக்கு அது நேரடி அடி. ஆனாலும் ரூபா 2018 முடிவில் ஆடியதுபோல ஆடவில்லை. இறக்குமதி ஏற்கெனவே சுருங்கியிருந்தது, யார் அரசாங்கம் என்பதில் சந்தேகம் இல்லை, நாணய நிதியம் மே மாதமே திட்டத்தை மீட்டு ஒரு வருடம் நீட்டியது. இழப்பின் அளவு தெரிந்தால் சந்தை அதை விழுங்கிக்கொள்கிறது.

2022க்கு வருவோம். அதன் வேர் 2019 டிசம்பரில். தேர்தலில் வென்ற கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் வற் வரியை 15 இலிருந்து 8 சதவீதமாக இறக்கியது, இன்னும் பல வரிகளை நீக்கியது. 2020இல் தரப்படுத்தல்கள் அடுத்தடுத்து வீழ்ந்தன, வெளியே கடன் வாங்கும் கதவு மூடியது. அப்போது செய்த பெரிய பிழை, 2021 செப்டெம்பர் முதல் டொலரை 200க்கும் 203க்கும் இடையில் பிடித்துவைத்தது. வீதத்தைக் கட்டிவைத்தால் நிச்சயமின்மை மறையாது, இடம் மாறும். கட்டாரில் வேலைசெய்யும் ஒருவர் வீட்டுக்கு 500 டொலர் அனுப்புகிறார் என்று வையுங்கள். வங்கியில் 203 என்றால் 101,500 ரூபா. வங்கிக்கு வெளியே கைமாற்றாகப் பணம் சேர்ப்பிக்கும் உண்டியல்காரர் 240 தந்தால் 120,000. குடும்பத்தின் ஒரு மாத அரிசி, பருப்பு, பிள்ளையின் டியூஷன் காசு அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஊழியர் பணம் 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. உழைத்தவர்கள் அனுப்புவதை நிறுத்தியதால் மட்டும் வந்த வீழ்ச்சி அல்ல அது, பெரும்பகுதி வங்கியை விட்டு உண்டியலுக்குப் போனது.

2022 மார்ச் 7 மத்திய வங்கி 230 வரை போகட்டும் என்று விட்டது. கையில் டொலரும் இல்லை, சொல்லை நம்ப ஆளும் இல்லை என்பதால் 230இல் நிற்க ஒரு காரணமும் இருக்கவில்லை. ஏப்ரல் 3 அமைச்சரவை விலகியது. 8ஆம் திகதி புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றினார், 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவது நிறுத்தப்பட்டது. மே 9 பிரதமர் மகிந்த விலகியபின் அரசாங்கமே இல்லாத நாட்களில், மே 11, இரண்டு நாளுக்குள் ஓர் அரசாங்கம் அமையாவிட்டால் பொருளாதாரம் முற்றாகச் சரிந்துவிடும் என்று ஆளுநர் வெளிப்படையாகச் சொன்னார். வட்டியை ஏற்றுவதும் வீதத்தை வழிநடத்துவதும் மத்திய வங்கியால் முடியும். கடன்கொடுத்தோரிடம் பேச, எரிபொருளுக்குக் கையெழுத்திட, வரி போட ஓர் அரசாங்கம் வேண்டும். அதைத்தான் அவர் சொன்னார்.

கவனியுங்கள்: ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே போனபோது ரூபா பெரிதாக அசையவில்லை, 360ஐ ஒட்டியே நின்றது. அதைப் பார்த்து நிலைமை சரியாகிவிட்டது என்று எண்ணக்கூடாது. இறக்குமதித் தடைகளும், கட்டாய டொலர் மாற்றலும், கடன் கட்டாமையும் டொலருக்கான தேவையை நசுக்கியிருந்தன. வீதத்தில் தெரியவேண்டிய அழுத்தம் பெற்றோல் வரிசையிலும் மருந்துத் தட்டுப்பாட்டிலும் தெரிந்தது.

2024 செப்டெம்பர் 21 தேர்தல் இதற்கு நேர் எதிர். இடதுசாரிப் பின்னணி கொண்ட அநுர குமார திசாநாயக்க வெல்வார் என்றதும் முதலீட்டாளரிடையே பதற்றம் இருந்தது உண்மை. ஆனால் 2023 மார்ச்சில் தொடங்கிய நாணய நிதியத் திட்டத்தோடு தொடர்வோம் என்று அவரது தரப்பு முன்கூட்டியே சொல்லியிருந்தது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர் பிணைமுறிக்காரருடன் கொள்கையளவில் இணக்கம் அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்காகப் பணம் அச்சிடுவதைத் தடுத்திருந்தது. தேர்தல் திகதி தெரியும், முடிவும் ஓரிரு நாளில் தெரியும். 2023 முடிவில் 324 ஆக இருந்த டொலர் 2024 முடிவில் 293க்குக் கிட்ட இருந்தது. ஆட்சி அடியோடு மாறிய ஆண்டில் ரூபா பலப்பட்டது.

நடைமுறையில் என்ன பார்ப்பது, என்ன செய்வது? ஒதுக்கு எவ்வளவு என்ற தலைப்புச் செய்தியை மட்டும் நம்பவேண்டாம், அதில் பாவிக்கக்கூடியது எவ்வளவு என்று பாருங்கள். 2021 டிசம்பரில் காட்டிய தொகையில் சீனாவின் 1.5 பில்லியன் டொலருக்குச் சமமான நாணயப் பரிமாற்று வசதியும் இருந்தது, அதை எடுத்து எரிபொருள் வாங்க முடியவில்லை. வங்கி வீதத்துக்கும் வெளி வீதத்துக்கும் இடைவெளி விழத் தொடங்கினால் அது தரப்படுத்தல் நிறுவனங்களுக்கு முந்திய அறிகுறி.

தொழில் நடத்துபவர் முதலில் சரிபார்க்கவேண்டியது, வருமானம் எந்த நாணயத்தில், கடன் எந்த நாணயத்தில் என்பது. வட்டி குறைவு என்று ஒரு இலட்சம் டொலர் கடனெடுத்து ரூபாவில் சம்பாதித்தவருக்கு 203இல் 2 கோடியே 3 இலட்சமாக இருந்த கடன் 360இல் 3 கோடியே 60 இலட்சமானது. அப்படிச் சிக்கியவருக்கு வட்டியில் மிச்சம்பிடித்தது எதற்கும் காணாது. விலைமனு கொடுக்கும்போது செல்லுபடியாகும் நாளைக் குறையுங்கள், டொலர் இத்தனை சதவீதத்துக்கு மேல் மாறினால் விலை திருத்தப்படும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் போடுங்கள். முன்கூட்டிய வீத ஒப்பந்தத்தை அமைதியான காலத்தில் போடவேண்டும், குழப்பம் தொடங்கியபின் வங்கி விலையை ஏற்றிவிடும், அல்லது தரவே தராது. பெரிய முதலீட்டைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க முடியுமென்றால் பிரியுங்கள். மேலே காட்டிய கணக்கில், முதல் வருடம் நிலமும் அனுமதிகளும் மட்டும் என்று சிறு தொகையைப் போட்டு, மிகுதியைத் தெளிவு வந்தபின் போடுபவருக்குக் காத்திருப்பின் பலனும் கிடைக்கிறது, இடமும் கைவிட்டுப் போகாது.

நாட்காட்டியில் குறித்துவைக்க இரண்டு திகதிகள்: 48 மாதத் திட்டமாகப் போடப்பட்ட நாணய நிதிய ஏற்பாட்டின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது, மறுசீரமைத்த வெளிநாட்டுக் கடனின் பெரிய கொடுப்பனவுகள் 2028 முதல் தொடங்குகின்றன. நீண்டகாலக் கடனோ டொலர் கடப்பாடோ எடுப்பவர்கள் தவணை அட்டவணையை இந்த இரண்டு திகதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.